மெதுவான ரகம்

ஜனவரி 12

அன்புள்ள முந்திக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உனக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

வந்ததும் முதல் வேலையாக எங்கள் போன்களை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஜூன் மாதத் தேர்வு ஓட்டம் முடிகிறவரை கண்ணில் காட்டமாட்டார்களாம். அவசரமென்றால் ஆபீசில் ஒரு போன் இருக்கிறது. மற்றபடி கடிதம்தான். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி. உனக்குக் கடிதம் எழுதுவது கண்ணாடியைப் பார்த்துப் பேசுவதுபோல் கூச்சமாக இருக்கிறது.

எண்ணூறு மீட்டருக்கு ஆறு பெண்கள் இருக்கிறோம். இரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். ஜன்னலைத் திறந்தால் ஓடுதளம். என் அறையில் கூட இருப்பவள் உயரம் தாண்டுகிறவள். தூக்கத்திலும் உதைக்கிறாள்.

கோச் முதல் நாளே, “வீட்டுல உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?” என்று கேட்டார். “பிந்தி” என்றேன். “ஓடுறவளுக்கு வைக்கிற பேரா இது?” என்று எல்லோரும் கேட்கச் சிரித்தார். “எனக்குப் பத்து நிமிஷம் முன்னாடி ஒருத்தி பொறந்துட்டா சார். அச்சு அசல் இதே மூஞ்சி. அவ முந்தி, நான் பிந்தி” என்றேன். “அவளும் ஓடுவாளா?” “என்னைவிட நல்லா ஓடுவா சார். அப்பா போனதும் வேலைக்குப் போயிட்டா.” அதோடு கேள்வியை நிறுத்திவிட்டார்.

நேற்று ஒரு குழாயில் எச்சில் துப்பச் சொன்னார்கள். மரபணுச் சோதனையாம். யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று அதில் தெரியுமாம். கடினமான பயிற்சிக்கு முன்னால் ஆளுக்கொரு வெள்ளை மாத்திரை தருகிறார்கள். காஃபீன், அதாவது காபியின் சாரம். தடை செய்த பொருள் இல்லை. எல்லா நாட்டிலும் போடுகிறார்களாம். முதல் நாள் போட்டுவிட்டு மின்விசிறியைப் பார்த்தபடி விடியும்வரை கிடந்தேன்.

அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே. பதில் போடு.

இப்படிக்கு,
பிந்தி


ஜனவரி 29

அன்புள்ள பிந்திக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை எழுது. அம்மாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது, வாய்தான் வடியவில்லை. உன் கடிதத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள்.

சலவைக் கூடத்தில் வேலை தலைக்கு மேல். ஆஸ்பத்திரி விரிப்புகளோடு இப்போது இரண்டு ஓட்டல் விரிப்புகளும் வருகின்றன. துணியைச் சூடாகத் தேய்க்கிற நீராவி உருளையின் ஒரு முனையில் நின்று விரிப்பை நான் உள்ளே விடவேண்டும், அந்தப் பக்கம் ஒருத்தி பிடித்து மடிக்கவேண்டும். அந்த ஒருத்தி வேலையை விட்டுப் போய்விட்டாள். நானே விட்டு, நானே ஓடிப்போய்ப் பிடிக்கிறேன். ஓட்டம் என்னை விடமாட்டேன் என்கிறது பார்.

சூப்பர்வைசர் உன்னை டிவியில் பார்த்திருக்கிறார். “லீவு போடாம எப்படிம்மா ஓடப் போன?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார். “மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல போயிட்டு வந்தேன் சார்” என்றேன். மனிதர் நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

உனக்கு மாத்திரை, எனக்குக் காபி மெஷின். பொத்தானை அமுக்கினால் வந்துகொண்டே இருக்கிறது. எத்தனை குடிக்கிறேன் என்று நானே எண்ணுவதில்லை. இல்லாவிட்டால் இந்த வேலை ஆகாது.

நன்றாகத் தூங்கு. அந்த உயரக்காரியின் காலைக் கட்டிலோடு கட்டிவிடு.

உன்,
முந்தி


பிப்ரவரி 18

அன்புள்ள முந்திக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு என் முத்தம்.

எச்சில் சோதனை முடிவு வந்தது. முகாம் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “காபியை உடைக்கிற வேலை ஈரல்ல நடக்குது. சில பேருக்கு அது சட்டுனு முடிஞ்சிடும். நீ மெதுவான ரகம். மத்தவங்களுக்கு மத்தியானத்துக்குள்ள இறங்குறது உனக்கு ராத்திரி வரைக்கும் ரத்தத்துல நிக்கும். இந்த மாத்திரையால உனக்கு வேகம் கூடாது. குறையக்கூட செய்யலாம்.”

கோச்சிடம் போய்ச் சொன்னேன். “ஜீனா ஓடுது? கால்தான் ஓடுது. மத்த அஞ்சு பேரும் போட்டுக்கிட்டு நிக்கும்போது நீ மட்டும் வெறும் வயித்தோட நிக்கப்போறியா?” என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. போட்டுக்கொண்டிருக்கிறேன். கை நடுக்கம் கொஞ்சம் உண்டு, பழகிவிடும்.

உனக்கு எழுதுவதற்குக் காரணம் வேறு. நாம் ஒரே கரு இரண்டாகப் பிரிந்தவர்கள். எனக்குள் இருப்பது அத்தனையும் உனக்குள்ளும் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். அப்படியானால் நீயும் மெதுவான ரகம்தான். காபியைக் குறை முந்தி.

உடனே பதில் எழுது.

பிந்தி


மார்ச் 6

அன்புள்ள பிந்திக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? உன்னை நிஜமாகவே கேட்கிறேன், நலமா?

நீ சொன்னதற்காகக் காபியை அடியோடு நிறுத்திவிட்டேன். சந்தோஷமா? என்னை உருளையிலிருந்து மாற்றி முன்பக்கக் கவுண்டரில் போட்டிருக்கிறார்கள். நாற்காலி, மேஜை, தலைக்கு மேல் விசிறி. துணி வாங்கி எண்ணிச் சீட்டு எழுதுகிற வேலை. ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அம்மாதான் என்னைக் குடம் தூக்கவிடுவதில்லை, படியேறவிடுவதில்லை. திடீரென்று பாசம் பொங்குகிறது.

ஓடி முடித்ததும் உனக்கு நெஞ்சு எப்படி இருக்கும்? படபடப்பு சீக்கிரம் அடங்குகிறதா? தலை சுற்றுமா? சும்மாதான் கேட்கிறேன். நான் ஓடி வெகுநாள் ஆயிற்றல்லவா, மறந்துவிட்டது.

உடம்பை அலட்சியம் செய்யாதே.

உன்,
முந்தி


மார்ச் 25

அன்புள்ள முந்திக்கு,

சுகம். அம்மாவும் நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

நாற்காலி வேலை கிடைத்ததா? கொடுத்து வைத்தவள். இங்கே பயிற்சியை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள், மாத்திரையையும்தான். ஆறு பேரில் நான் நான்காவதாக நிற்கிறேன். தூக்கம் பிடிப்பதில்லை. தூங்காமல் ஓடினால் நேரம் கெடுகிறது, நேரம் கெட்டால் பயத்தில் தூக்கம் கெடுகிறது.

நெஞ்சைப் பற்றிக் கேட்டிருந்தாய். வந்த அன்றே படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்தார்கள். குதிரை மாதிரி இருக்கிறது என்று கோச் சொன்னார். போன வாரம் கடைசி வளைவில் தடுக்கி விழுந்து முட்டியும் கன்னமும் சிராய்த்துவிட்டன. இப்போது நம் இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் அம்மா சுலபமாக அடையாளம் கண்டுபிடித்துவிடுவாள்.

அவளிடம் விழுந்ததைச் சொல்லாதே.

பிந்தி


ஏப்ரல் 2

அன்புள்ள பிந்திக்கு,

அம்மா நலம். காயம் ஆறியதா?

எப்படித் தடுக்கியது? ஓடுதளத்தில் தடுக்க என்ன இருக்கிறது? விழுவதற்கு முன்னால் என்ன நடந்தது, விழுந்தது உனக்குத் தெரிந்ததா, யார் வந்து தூக்கினார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுது. விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அந்த மாத்திரையை விட்டுவிடு. டாக்டரம்மாவே வேண்டாம் என்றாரே. கொஞ்ச நாள் ஓட்டத்தையும் நிறுத்திவைத்தால் என்ன? முட்டி வலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
முந்தி


ஏப்ரல் 19

முந்திக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இத்தனை நாள் பதில் எழுதப் பிடிக்கவில்லை. தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லாதபோது ஓட்டத்தை நிறுத்து என்று சொல்கிறாய். வேறு யாராவது சொல்லியிருந்தால் வயிற்றெரிச்சல் என்று நினைத்திருப்பேன். அப்பா போனபிறகு நீ ஓட்டத்தை விட்டாய், நான் விடவில்லை. உன் சம்பளத்தில்தான் ஷூ வாங்கினேன். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. அதற்காக நான் தோற்கவேண்டுமா?

எதுவும் தடுக்கவில்லை. போதுமா? வளைவில் திரும்பினேன், பிறகு என் முகத்துக்கு மேலே வானம் இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. தடுக்கியது என்று கோச்சிடம் நானாகச் சொன்னது. தூக்கமில்லாமல் வந்த மயக்கம், அவ்வளவுதான்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

பிந்தி


ஏப்ரல் 24

என் பிந்திக்கு,

நீ கோபத்தில் இருந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்து நிதானமாகப் படி.

பிப்ரவரி கடைசியில் நானும் விழுந்தேன். கையில் விரிப்போடு, உருளைக்குப் பக்கத்தில். அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தவள், அடுத்த கணம் தரையில். பின்பக்கமாக விழுந்ததால் தப்பினேன். முன்பக்கமாகச் சாய்ந்திருந்தால் உருளை கையை இழுத்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து எடுத்த இ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. உனக்கு எடுத்தார்களே, அதே மாதிரி. பிறகு உடம்பெல்லாம் வயர் மாட்டி, ஓடுகிற பட்டைமேல் நடக்கவைத்தார்கள். வேகத்தைக் கூட்டினார்கள். பாதியிலேயே டாக்டர் பாய்ந்துவந்து மெஷினை அணைத்தார். “ஓடினாலோ பயந்தாலோ உங்க இதயம் தாளம் தப்புது. பிறவியிலேயே வர்றது. உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு செத்திருக்காங்களா?” என்று கேட்டார். அப்பா குளத்தில் மூழ்கியதைச் சொன்னேன். “நீச்சல் தெரியாதா?” என்றார். “எங்களுக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்தார்” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “நீச்சல் தெரிஞ்சவர் ஏம்மா முழுகணும்?”

எனக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஓடக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, அதிர்ச்சியான செய்தி கேட்கக்கூடாது. காபி இந்த நோய்க்கு எரிகிற நெருப்பில் எண்ணெய் மாதிரியாம். நீ சொன்ன மெதுவான ரகம் வேறு, இது வேறு. ஆனால் எனக்கு இரண்டும் இருந்தால் உனக்கும் இரண்டும் இருக்கும்.

அன்றே எழுதியிருக்கவேண்டும். அம்மாதான், “ஜூன்ல அவ ஓடி முடிச்சிடட்டும்டி, அதுவரைக்கும் வாயைத் திறக்காதே” என்றாள். நானும் தலையாட்டினேன். அந்த இரண்டு இடத்தில் ஒன்று உனக்குக் கிடைக்கவேண்டும் என்று எனக்கும் ஆசை. எதுவும் தடுக்கவில்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் அம்மாவே பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

இந்தக் கடிதத்தை டாக்டரம்மாவிடம் காட்டு. இன்றைக்கே காட்டு. ஓடாதே.

உன்,
முந்தி


மே 22

அன்புள்ள முந்திக்கு,

உன் நெஞ்சு இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறாயா?

ஒரு மாதமாகிவிட்டது. நீ ஆபீசுக்கு இரண்டு தடவை போன் செய்ததாகச் சொன்னார்கள். நான்தான் வரவில்லை. உன் குரலைக் கேட்டால் பெட்டியைக் கட்டிவிடுவேன் என்று பயம்.

கடிதத்தை மெத்தைக்கடியில் வைத்திருந்தேன். காஃபீன் மாத்திரையை மட்டும் யாருக்கும் தெரியாமல் துப்பிவந்தேன். தூக்கம் வந்தது. நேரம் குறைந்தது. இரண்டாவதாக வந்துவிட்டேன், முந்தி. எனக்கு ஒன்றுமில்லை என்று தினமும் சொல்லிக்கொண்டேன். போன வாரம்தான் மனசு கேட்காமல் டாக்டரம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. நாளைக்கே வயர் மாட்டிப் பார்க்கவேண்டும் என்று கோச்சிடம் சண்டைக்குப் போனார். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், தேர்வு முடிந்த பிறகுதான் தேதி கிடைத்தது.

கோச் என்னைக் கூப்பிட்டார். “அது உங்க அக்கா உடம்பும்மா.”

“ரெண்டும் ஒரே உடம்பு சார்.”

“அப்ப ஏன் அவ அங்க துணி துவைக்கிறா, நீ இங்க நிக்கிற?”

உன்னிடம் மறைப்பானேன், அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

ஓடப்போகிறேன். ஒரே ஒரு ஓட்டம், ஜூன் 2. டாக்டரம்மா என்னைத் தடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் இதயத்துக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டியோடு ஓடுதளத்தின் ஓரத்திலேயே நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். முடிந்ததும் நீ சொல்கிற எல்லாவற்றையும் கேட்கிறேன். திட்டி எழுது, ஆனால் எழுது.

பிந்தி


ஜூன் 8

அன்புள்ள முந்திக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி எழுதுவதால் கையெழுத்து இப்படிக் கோணுகிறது.

தேர்வு அன்று காலையில் கோச் என்னிடம் வந்தார். “உனக்கு வேணாம்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிடு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க” என்றார். அப்படிப் பேசுகிறவரே இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஓடுறேன் சார்” என்றேன். அப்போதும் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மாத்திரைத் தட்டு வந்தது. தொடமாட்டேன் என்று டாக்டரம்மாவிடம் சத்தியம் செய்திருந்தேன். பக்கத்தில் நின்ற ஐந்து பேரும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்ததைப் பார்த்ததும் கை தானாக நீண்டுவிட்டது.

கடைசி வளைவில் முதலாவதாக இருந்தேன். எனக்கு முன்னால் யாருமே இல்லை. பிறகு கரண்ட் போனதுபோல் எல்லாம் போய்விட்டது. டாக்டரம்மா ஓடிவந்து நெஞ்சை அமுக்கினாராம். இரண்டு விலா எலும்பு உடைந்திருக்கிறது. பெட்டியை வைத்து இரண்டாம் தடவைதான் இதயம் திரும்பியதாம். இப்போது தோளுக்குக் கீழே கீறி, இதயம் தாளம் தப்பினால் தானே மின்சாரம் அடிக்கிற ஒரு சின்னக் கருவியை உள்ளே வைத்திருக்கிறார்கள். இனி எனக்கு ஓட்டம் கிடையாது. உன்னைப்போல் நாற்காலியில் உட்காரப்போகிறேன்.

உன் கடிதம் இல்லாவிட்டால் டாக்டரம்மா அங்கே நின்றிருக்கமாட்டார். அதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நீ ஏன் இன்னும் எழுதவில்லை? கோபமா? கோபம் நியாயம்தான். “போடி” என்று ஒரு வார்த்தையாவது எழுதி அனுப்பு. உனக்கும் இந்தக் கருவியை வைக்கவேண்டும் என்று இங்கே டாக்டர் சொல்கிறார். நாம் சேர்ந்தே போய்க் கேட்கலாம்.

காத்திருக்கிறேன்.

பிந்தி


ஜூன் 13

என் சின்ன மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. நீ படுத்துக்கொண்டு படி. பக்கத்தில் நர்ஸை வைத்துக்கொள். உனக்குக் கருவி வைத்தாயிற்று, இனி எந்தச் செய்தியையும் தாங்குவாய் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முந்தி இல்லை.

மே 25 காலையில் போய்விட்டாள். உன்னிடமிருந்து பதில் இல்லை, போனுக்கும் நீ வரவில்லை என்று தவித்துக்கொண்டே இருந்தாள். மூன்று நாள் லீவு சொல்லி, பையில் இரண்டு செட் துணி எடுத்துக்கொண்டு, “நேர்ல போய் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரேம்மா” என்று கிளம்பினாள். நிலையத்தில் உன் பக்கம் வருகிற பேருந்து நகர்ந்துவிட்டதாம். ஓடிப்போய் ஏறியிருக்கிறாள். ஏறி, கம்பியைப் பிடித்து, சீட்டில் உட்கார்ந்தும் விட்டாளாம். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தபோது ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாளாம். தூங்குகிறாள் என்று அடுத்தவரிடம் போய்விட்டாராம்.

உன் கடிதம் அதற்கு மூன்றாம் நாள் வந்தது. நான் பிரிக்கவில்லை. அவளுக்கு வந்தது.

அவள் போன அன்றைக்கே உன் முகாமுக்குப் போன் செய்தேன். உன் கோச் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். “அவளை ஓடவிடாதீங்க. ஆனா அக்கா செய்தியை மட்டும் சொல்லிடாதீங்க, அந்த அதிர்ச்சியிலயே அவளும் போயிடுவா” என்று அழுதேன். “சரிம்மா, நான் பார்த்துக்கறேன்” என்றார். அந்த வார்த்தையை நம்பிப் போனை வைத்துவிட்டேன். நானே கிளம்பி வந்திருக்கவேண்டும். ஆனால் உன் முகத்தைப் பார்த்து எப்படி மறைப்பேன்?

வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை. மருந்தைத் தவறவிடாதே.

அம்மா


ஜூன் 19

அம்மாவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா? யாராவது கூட இருக்கிறார்களா?

உன் கடிதத்தைப் படித்தபோது உள்ளே வைத்த கருவி ஒரு தடவை அடித்தது. குதிரை உதைத்ததுபோல் இருந்தது. பிறகு நெஞ்சு ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருக்கிறது. நிற்கமாட்டேன் என்கிறது.

நேற்று கோச் வந்தார். “உன்கிட்ட சொல்லியிருக்கணும்” என்றார். அவரைக் கேட்கிறதற்கு எனக்கு வாயில்லை. மெத்தைக்கடியில் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படுத்திருந்தவள் நான்தானே. ஒரு வரி, ஓடமாட்டேன் என்றோ ஓடுவேன் என்றோ ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அவள் அந்தப் பேருந்துக்குப் போயிருக்கமாட்டாள். நீ இதை உன் கடிதத்தில் எழுதவில்லை. நீ எழுதாமல் விட்டது எனக்குத் தெரிகிறது அம்மா.

வருகிற வெள்ளிக்கிழமை என்னை அனுப்புகிறார்கள். டாக்டரம்மா தன் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்கிறார். ஒன்று மட்டும் செய். வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு நீ உள்ளேயே இரு. ஜன்னலில் நின்று பார்க்காதே. கன்னத்தில் இருந்த சிராய்ப்பு சுத்தமாக ஆறிவிட்டது. திடீரென்று இந்த முகம் எதிரில் வந்தால் நீ தாங்கமாட்டாய். நான் வெளியே நின்று, “அம்மா, சின்னவ வந்திருக்கேன்” என்று சொல்கிறேன். வேண்டிய நேரம் எடுத்துக்கொள். நீ “வா” என்று சொன்ன பிறகு உள்ளே வருகிறேன்.

படிகளில் பார்த்து இறங்கு.

உன் மகள்